பள்ளியில் ரோபோட்டிக்ஸ் லேப் இல்லையா? உங்க தெருவிலேயே டீம் தொடங்கலாம்... எப்படி? முழு விவரம்

"என் பையனுக்கு ரோபோன்னா உயிர். ஆனா அவன் படிக்கிற பள்ளியில லேப் இல்ல. வெளியில கிளாஸ் சேர்த்தா ஃபீஸ் கட்ட முடியல." பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஒரு பள்ளியில் ஆய்வகம் இருந்தால், அடுத்த தெருப் பள்ளியில் இருக்காது. ஆய்வகம் இருக்கும் பள்ளியிலும் தேர்ந்தெடுத்த சில மாணவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு கிடைக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப உலகின் பல ஊர்களில் நடைமுறையில் இருக்கும் வழிதான் 'கம்யூனிட்டி ரோபோட்டிக்ஸ் டீம்', அதாவது ஊர்க் குழு. பள்ளியை நம்பாமல், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. இதற்கு என்ன தேவை, எவ்வளவு செலவாகும், யார் சொல்லிக்கொடுப்பது, பெற்றோர் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கம்யூனிட்டி ரோபோட்டிக்ஸ் டீம்னா என்ன?

ஒரே பகுதியைச் சேர்ந்த பிள்ளைகள், வெவ்வேறு பள்ளிகளில் படித்தாலும், வாரம் ஒன்றிரண்டு முறை ஒரு பொது இடத்தில் கூடி ரோபோ செய்வதுதான் ஊர்க் குழு. இடம் நூலகமாக இருக்கலாம், சங்கக் கட்டடமாக இருக்கலாம், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலாகவோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியாகவோகூட இருக்கலாம். பொறுப்பேற்பவர்கள் தன்னார்வலர்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது, பொருள் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள்.

டியூஷன் சென்டர் மாதிரி இல்லையா இது? இல்லை. டியூஷனில் ஒருவர் சொல்லித்தருவார், மற்றவர்கள் கேட்பார்கள். இங்கே ஒரே ரோபோவை 6 பேர் சேர்ந்து செய்ய வேண்டும். மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று சண்டை போட்டு, பிறகு சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

இது எங்கே தொடங்கியது?

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல, அறிவியலில் ஈடுபடும் பிள்ளைகளையும் கொண்டாட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் முதல் போட்டி நடந்தது. 28 அணிகள் வந்திருந்தன.

எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் இந்தப் போட்டிகளுக்கு ஒரு பண்பாட்டைக் கொண்டுவந்தார். கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிரணியை மதி என்பதுதான் அது. அதனால்தான் இங்கே எதிரணிக்கு மோட்டார் பழுதானால், தன்னிடம் உள்ள கூடுதல் மோட்டாரைக் கடன் கொடுக்கும் அணிகளைப் பார்க்கலாம். பிறகு 1998-ல் லெகோ நிறுவனத்துடன் சேர்ந்து, சிறு பிள்ளைகளுக்கான 'ஃபர்ஸ்ட் லெகோ லீக்' வந்தது.

இந்தப் போட்டிகளில் பள்ளி அணிகள் மட்டுமல்ல, கிளப்களும் தெருவில் சேர்ந்த குழுக்களும்கூடப் பதிவு செய்யலாம். ஊர்க் குழுக்கள் வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

எந்த வயதுக்கு எந்தப் போட்டி?

இந்தியாவிலிருந்து கலந்துகொள்ளக்கூடிய முக்கியமான சில:

• ஃபர்ஸ்ட் லெகோ லீக்: 4 முதல் 6 வயது 'டிஸ்கவர்', 6 முதல் 10 வயது 'எக்ஸ்ப்ளோர்', 9 முதல் 16 வயது 'சேலஞ்ச்' என 3 பிரிவுகளாக நடந்துவந்திருக்கிறது. சேலஞ்ச் அணியில் அதிகபட்சம் 10 பேர்.

• ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்: 12 முதல் 18 வயது வரை. ரோபோ கொஞ்சம் பெரியது. ஆட்டம் தொடங்கும்போது 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும்.

• உலக ரோபோ ஒலிம்பியாட்: 2004-ல் தொடங்கியது. 8 முதல் 19 வயது வரை பல பிரிவுகள் உண்டு. ஓர் அணியில் 2 அல்லது 3 பேர்தான். 2016-ம் ஆண்டின் உலக இறுதிப் போட்டி தலைநகர் டெல்லி பகுதியில் நடந்தது.

வயது வரம்பு, கட்டணம், பதிவுத் தேதி, அனுமதிக்கப்படும் கிட் எல்லாம் சீசனுக்கு சீசன் மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம்: முதல் வருடமே போட்டிக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு வருடம் சும்மா செய்து பழகி, மறு வருடம் போகலாம்.

போட்டியில என்ன நடக்கும்?

லெகோ லீக் சேலஞ்ச் பிரிவையே எடுத்துக்கொள்வோம். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள மேசை. அதன்மேல் விரிப்பு. விரிப்பில் லெகோவால் செய்த மாதிரிகள் இருக்கும். பிள்ளைகள் எழுதிய நிரலை வைத்து ரோபோ தானாகவே ஓடி, நெம்புகோலைத் தள்ளுவது, பொருளை எடுத்துவருவது போன்ற வேலைகளைச் செய்து புள்ளி சேர்க்க வேண்டும். ரிமோட் கிடையாது. நேரம் வெறும் 2 நிமிடம் 30 விநாடி.

'அவ்வளவுதானா?' என்றால், இல்லை. ரோபோ ஆட்டத்துக்கு மொத்த மதிப்பீட்டில் 4-ல் 1 பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், தலைப்பையொட்டி எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடினார்கள், குழுவாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை மற்ற 3 பங்குகள். நடுவர்கள் முன் பிள்ளைகளே பேச வேண்டும்.

தலைப்பு ஆண்டுதோறும் மாறும். 2023-24-ல் கலைகள், 2024-25-ல் கடல், 2025-26-ல் தொல்லியல். தொல்லியல் என்றதும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கீழடி ஞாபகம் வந்துவிடும். அகழாய்வுக் குழியில் மழைநீர் தேங்கினால் என்ன செய்வது, உடைந்த பானை ஓடுகளை எப்படி வகை பிரிப்பது என்று யோசிக்கத் தொடங்கினால், அது ரோபோட்டிக்ஸ் மட்டுமா? வரலாறும் சேர்ந்துதான் வருகிறது. கோடிங் பிடிக்காத பிள்ளைக்கும் இந்தக் குழுவில் வேலை இருக்கிறது.

நம்ம ஊருக்கு இது புதுசா?

ரோபோ புதுசு. ஊர் கூடிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருவது புதுசு இல்லை. 1980-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 'துளிர் இல்லம்' என்ற பெயரில் கிராமங்களிலும் நகரங்களிலும் சிறுவர் அறிவியல் குழுக்களை நடத்தியது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து கட்டுரை படைப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் மாலை நேர வகுப்பு எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள்.

ஆட்களும் பழக்கமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் சேர வேண்டியது ஒரு பெட்டி மின்னணுப் பொருள்கள்தான்.

டீம் தொடங்க என்னென்ன வேணும்?

ஆட்கள்: 5 முதல் 8 பிள்ளைகள் போதும். 2 வயது வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது. பொறுப்பான பெரியவர்கள் குறைந்தது 2 பேர். ஒருவர் வராத நாளிலும் குழு நிற்காது. அதைவிட முக்கியம், பிள்ளைகளுடன் எப்போதும் 2 பெரியவர்கள் இருப்பதுதான் பாதுகாப்பு. பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் புகைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கும் சம்மதம் கேளுங்கள்.

இடம்: ஒரு பெரிய மேசை, ஒரு பிளக் பாயின்ட், நல்ல வெளிச்சம், பொருள்களைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி. ஊர்ப்புற நூலகரைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பள்ளியில் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2016-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. மேலும் 50,000 ஆய்வகங்கள் அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது இந்த ஆய்வகங்களின் நோக்கங்களில் ஒன்று. சனிக்கிழமை 2 மணி நேரம் தர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்பதில் தவறில்லை.

பொருள்கள்: பிராண்டட் லெகோ கிட் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். தொடக்கத்தில் அது தேவையில்லை. அர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, மோட்டார் டிரைவர் ஒன்று, 2 கியர் மோட்டார், 2 சக்கரம், 2 ஐ.ஆர். சென்சார், ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், பேட்டரி ஹோல்டர், ஜம்பர் வயர்கள் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். ஒரு ரோபோவுக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய். 6 குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 350 ரூபாயைத் தாண்டாது. சேஸிஸுக்குக் கெட்டி அட்டையோ பிளாஸ்டிக் டப்பா மூடியோ போதும். நிரல் எழுத, வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய லேப்டாப்பே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

லெகோ லீக் போட்டிக்குப் போக முடிவெடுத்த பிறகு கிட் வாங்கலாம். அதுவும் பழைய கிட் மலிவாகக் கிடைக்கிறதென்று உடனே வாங்கிவிடாதீர்கள். தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடலா, வரும் சீசனில் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

காசு இருக்கிறவங்கதான் ஜெயிப்பாங்களா?

2004-ல் கலிஃபோர்னியாவில் நீருக்கடி ரோபோக்களுக்கான போட்டி நடந்தது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 4 மாணவர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய ரோபோ பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் செய்தது. எதிரே பெரிய எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவோடு வந்த எம்.ஐ.டி. அணி. முதலிடம் பிடித்தது கார்ல் ஹேடன் அணி. இந்தக் கதை 2015-ல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற படமாகவும் வந்தது.

எல்லாப் போட்டியிலும் இப்படி நடக்காதுதான். பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் எளிய குடும்பங்களுக்கு இன்றும் பெரிய தடை. அதனால் போட்டிச் செலவுக்கு ஊர்க் கடைக்காரர்கள், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களை முன்கூட்டியே அணுகுங்கள். கேட்கப் போவது பிள்ளைகளாக இருக்கட்டும். தங்கள் ரோபோவைக் காட்டி, செலவுக் கணக்கைச் சொல்லிக் கேட்பதும் ஒரு பயிற்சிதான்.

முதல் 8 வாரம் என்ன செய்யலாம்?

வாரம் 1: எதையும் வாங்காமல் தொடங்குங்கள். ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் கட்டளை சொல்ல வேண்டும். '3 அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு' என்று சொல்லிச் சொல்லியே கதவு வரை அனுப்பட்டும். நிரல் என்றால் என்ன என்பது இதிலேயே புரிந்துவிடும்.

வாரம் 2: எல்.இ.டி. பல்பை மினுக்கவைப்பது. முதல் நிரல் இதுதான்.

வாரம் 3: மோட்டாரைச் சுற்றவைப்பது. முன்னே, பின்னே, நிறுத்து.

வாரம் 4: சேஸிஸில் பொருத்தி ஓட்டுவது. இங்கே கணக்குப் பாடம் உள்ளே வரும். சக்கரத்தின் விட்டம் 6.5 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 20.4 செ.மீ. ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று? கிட்டத்தட்ட 5. கணக்குப் போட்டுவிட்டு, தரையில் டேப் வைத்து அளந்து பார்க்கட்டும். கணக்கும் அளவும் ஒத்துப்போகாது. ஏன் என்று தேடுவதுதான் அந்த வாரத்து வேலை.

வாரம் 5: கோட்டைப் பின்தொடர்வது. வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பாதை தயார். வெள்ளை, அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரோபோ பாதையைக் கண்டுபிடிக்கிறது.

வாரம் 6: முட்டாமல் நிற்பது. அல்ட்ராசோனிக் சென்சார் வௌவால் மாதிரி ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். 17 செ.மீ. தள்ளிச் சுவர் இருந்தால், எதிரொலி வர ஒரு விநாடியில் 1,000-ல் ஒரு பங்கு நேரம்தான்.

வாரம் 7: உங்கள் தெருவில் ஒரு பிரச்சினை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, பார்வையற்றவர் வழியில் கிடக்கும் பள்ளம், குப்பைத் தொட்டி நிறைவது... எதையாவது எடுத்து மாதிரி செய்யட்டும்.

வாரம் 8: ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது. பிள்ளைகள் தமிழிலேயே விளக்கட்டும். பாட்டி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால், நடுவர் கேள்விக்குப் பயமே வராது.

கவனம்: ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் தவறித் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். ஆரம்பத்தில் சாதாரண ஏ.ஏ. செல்களே போதும். சால்டரிங் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கோச் எஞ்சினியரா இருக்கணுமா?

அவசியமில்லை. கோச்சின் முதல் வேலை நேரத்துக்குக் கதவைத் திறப்பதும், எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும்தான். தொழில்நுட்பத்துக்கு ஆள் தேடலாம். பக்கத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பொறியியல் கல்லூரி மாணவர்கள் மாதம் இரண்டு முறை வந்தாலே பெரிய உதவி. தெருவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன், மொபைல் சர்வீஸ் கடைக்காரர், டிவி மெக்கானிக் இவர்களை மறந்துவிடாதீர்கள். மல்டிமீட்டர் பிடித்துப் பழுது கண்டுபிடிக்கும் கலையில் அவர்களைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

பெரியவங்க கை எங்கே நிக்கணும்?

ஊர்க் குழுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். போட்டிக்கு 2 வாரம் இருக்கும்போது, 'நகரு, நான் போட்டுத்தரேன்' என்று ஒரு பெரியவர் உட்கார்ந்துவிடுவார். ரோபோ நன்றாக ஓடும். ஆனால், 'இந்தச் சென்சாரை ஏன் முன்னால் வைத்தீர்கள்?' என்று நடுவர் கேட்டால், பிள்ளைகள் கோச் முகத்தைப் பார்ப்பார்கள். வேலை பிள்ளைகளுடையதாகவே இருக்க வேண்டும் என்பது லெகோ லீக்கின் விதியும்கூட.

உதாரணத்துக்கு, நேற்று சரியாக 90 டிகிரி திரும்பிய ரோபோ இன்று 80-லேயே நின்றுவிடுகிறது. காரணம் பேட்டரி இறங்கியது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் 10 விநாடியில் வேலை முடியும். 'நேத்துக்கும் இன்னிக்கும் எது மாறியிருக்கு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களைத் தேடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்பது, கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம்.

பெண் பிள்ளைகளுக்கு எந்த வேலை?

பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாலும், 'நீ கையெழுத்து அழகா எழுதுவ, போஸ்டர் செய்' என்று ஒதுக்கிவிடுவது சத்தமில்லாமல் நடக்கும். ஸ்க்ரூ டிரைவரும் லேப்டாப்பும் பையன்கள் கையிலேயே இருக்கும். இதைத் தடுக்க எளிய வழி சுழற்சி முறை. கட்டுவது, நிரல் எழுதுவது, குறிப்பேடு எழுதுவது, விளக்கிப் பேசுவது என 4 வேலைகளையும் 2 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூட்டம் முடியும் நேரத்தையும் பெண் பிள்ளைகளின் வீட்டாரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். இரவு 8 மணிக்கு முடியும் என்றால் பல வீடுகளில் அனுப்ப மாட்டார்கள்.

2017-ல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு, ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து 6 சிறுமிகள் வர இருந்தார்கள். விசா 2 முறை மறுக்கப்பட்டது. உலகம் முழுக்கச் செய்தியான பிறகே அனுமதி கிடைத்தது. அங்கே துணிச்சலுக்கான வெள்ளிப் பதக்கம் வாங்கித் திரும்பினார்கள். ஃபர்ஸ்ட் மாணவர்களை 2012 முதல் தொடர்ந்து கவனித்துவரும் பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அறிவியல், பொறியியல் ஆர்வம் வளர்வதில் இதன் தாக்கம் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள்.

படிப்பு கெடாதா?

வாரத்துக்கு 3 மணி நேரம் என்று அளவு வைத்தால் கெடாது. அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் 2 வாரம் விடுமுறை விடுங்கள். 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஆண்டு போட்டி அணியில் சேர்க்காமல், சின்னப் பசங்களுக்கு வழிகாட்டியாக மாதம் ஒருமுறை வரச் சொல்லலாம். ஆனால் 'இதில் சேர்ந்தால் மார்க் கூடும்' என்றும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்காக வருகிற குடும்பம், முதல் தேர்வு முடிவிலேயே பிள்ளையை நிறுத்திவிடும்.

காசு கட்டிச் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கம்யூனிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு கட்டணம் வசூலிக்கும் வகுப்புகளும் உண்டு. எல்லாமே தவறல்ல. ஆனால் இவற்றைக் கேளுங்கள்:

• ஒரு ரோபோவுக்கு எத்தனை பிள்ளைகள்? 15 பேருக்கு ஒன்று என்றால் உங்கள் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.
• கிட் யாருக்குச் சொந்தம்? பாதியில் நின்றால் என்ன ஆகும்?
• 'சர்வதேசப் போட்டி' என்கிறார்களே, அதை நடத்துவது யார்? வந்தவர்கள் எல்லாருக்கும் பதக்கமா?
• பதிவு, பயணம், டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
• நிரலை எழுதியது யார்? போன வருட அணியிலிருந்த ஒரு பிள்ளையிடமே கேளுங்கள்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் ஆர்வமுள்ள 5 பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அதில் குறைந்தது ஒருவராவது லேப் இல்லாத பள்ளியில் படிப்பவராக இருக்கட்டும். பொறுப்பெடுக்க இன்னொரு பெரியவரைப் பிடியுங்கள். நூலகரையோ தலைமையாசிரியரையோ ஒருமுறை நேரில் பாருங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தத் தேருக்கு 2 சக்கரமும் 5 பிள்ளைகளும் இருந்தால் போதும். முதல் வாரப் பயிற்சிக்கு அந்தச் சக்கரம்கூட வேண்டாம். வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.